எஃப் எட்டு தண்டபாணி

இறாலை உரித்து ஏற்றுமதி செய்யும் அந்த எறா கம்பெனியில் இன்று யாரைக் கேட்டாலும் எல்லாம் தண்டபாணியின் பெட்டியால்தான் என்பார்கள். அவர்களோடு சண்டை போட்டுப் போட்டு எனக்கு அலுத்துவிட்டது. வாயால் சொன்னால் பாதியிலேயே டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

திருவொற்றியூர் தேரடியில் அப்போது எனக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. நான்கு கம்ப்யூட்டர், நடுநடுவே பிளைவுட் தடுப்பு, வாசலில் ஒரு ஜெராக்ஸ் மிஷின். வருகிறவர்களில் பாதிப் பேர் பரீட்சை ரிசல்ட் பார்ப்பார்கள், மீதிப் பேர் பார்த்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. தண்டபாணி ஒருவன்தான் சிப் தயாரிக்கும் கம்பெனிகளின் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். படம் கிடம் ஒன்றும் இருக்காது, எல்லாம் எழுத்தும் எண்ணும். ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் முப்பது தாண்டிய ஆள், விரல் நுனியெல்லாம் ஈயப்பற்று சுட்ட தழும்பு. என்னப்பா படிக்கிறாய் என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன். கடை சாத்தும் வரைக்கும் பேசினான். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

அவன் கடலோரக் குப்பத்தில் பிறந்தவன். அப்பனும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்குப் படகில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். குப்பத்தில் இதைவிடப் பெரிய கேலிக்கு இடமில்லை. பிழைத்துப் போகட்டும் என்று பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டார்கள். எலக்ட்ரானிக்ஸ் படித்தான், டிவி ரிப்பேர் செய்தான், மீன் ஏலக் கூடத்து எடை மிஷின்களைப் பழுது பார்த்தான், கடைசியில் வீட்டிலேயே ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு யார் என்ன கேட்டாலும் செய்துகொடுத்தான். வீடு என்றால், ஒவ்வொரு ஐப்பசியிலும் கடல் ஒரு வரிசையை விழுங்கிக்கொண்டிருந்த தெருவில் மிச்சமிருந்த இரண்டாவது வரிசை. வாசலில் நின்றால் ஒரு பக்கம் அலை, மறு பக்கம் எண்ணூர் நெடுஞ்சாலையில் நாள் முழுக்க நகராமல் நிற்கும் கன்டெய்னர் லாரிகள்.

அவன் மனைவி பவானி அந்த எறா கம்பெனியில் உரிக்கிற வேலையில் இருந்தாள். ஏற்றுமதிக்குப் போகிற எறாவைத் தலை கிள்ளி, ஓடு உரித்து, குடலை எடுத்துத் தட்டில் அடுக்க வேண்டும். நீளமான ஒரு ஹால், ஈரத் தரை, வரிசையாகச் சின்ன ஸ்டூல்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குளிர் அறைகளுக்கான கம்ப்ரசர்கள். குளிர வைப்பதற்கு அம்மோனியா ஓடுகிற குழாய்கள். எங்காவது ஒரு மூட்டு தளர்ந்தால் வாயு ஹாலுக்குள் இறங்கும். கண்ணில் மிளகாயை அரைத்துப் பூசியது போல இருக்கும் என்பாள் பவானி. மூக்கில் வாடை ஏறினதும் பெண்கள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவார்கள். அதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு. எங்கள் பக்கத்துக் காற்றுக்கோ வேளைக்கு ஒரு நாற்றம். மணலி ஆலைகளிலிருந்து அடித்தால் ஒன்று, கால்வாயிலிருந்து அடித்தால் இன்னொன்று. அதனால் முக்கால்வாசி நேரம் ஒன்றுமில்லாததற்கே ஓடுவார்கள். எறா கெட்டுப் போகும், சூப்பர்வைசர் கத்துவான், திரும்பி வந்து உட்காருவார்கள்.

ஒருமுறை நிஜமாகவே கசிந்தது. பவானி வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இருமினாள், துணியில் ரத்தம் பார்த்தாள். தண்டபாணி வேலையை விட்டுவிடச் சொன்னான். அவள் சிரித்தாள். அவன் சம்பாத்தியத்தில் பூனைக்குக்கூட மீன் வாங்க முடியாது என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் மறுபடி போனாள். அன்றைக்குப் பிடித்தது அவனுக்கு அந்தப் பைத்தியம். பவானியை யாரும் அந்த ஹாலிலிருந்து தூக்கிக்கொண்டு வரக் கூடாது. அவன் வாழ்க்கையில் அவனுக்கு இருந்த ஒரே வேண்டுதல் இதுதான், நான் அருகில் இருந்து பார்த்தவன், கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

முதல் பெட்டியை யாரும் கேட்காமல் அவனே கொண்டுபோய் மாட்டினான். வாயுவை முகர்கிற இரண்டு சென்சார், நடுவில் மூளையாக மைக்ரோகண்ட்ரோலர் என்கிற ஒரு சிப், மேலே ஒரு சைரன். நன்றாகத்தான் வேலை செய்தது, சொல்லப்போனால் ரொம்ப நன்றாக. தரை கழுவுகிற மருந்து வாடைக்கும் ஊளையிட்டது. மேனேஜர் ஒரே வாரத்தில் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் ஆய்வுக்கு வரப்போகிறார்கள், வாயு அளவு கம்ப்யூட்டரில் பதிவாக வேண்டுமாம் என்று அவரே கூப்பிட்டு அனுப்பினார். நிபந்தனையும் போட்டார். பெட்டி அளவை மட்டும் எடுத்து அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் இரண்டு சென்சாரையும் ஒப்பிட்டுப் பார்த்து, நிஜமான கசிவுதான் என்று சொன்னால்தான் சைரன் கத்த வேண்டும். சைரன் பெட்டியின் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்று தண்டபாணி வாதாடினான். முடியாதென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். வேறு ஆள் கொண்டுவருகிற பெட்டி பவானியைக் காப்பாற்றும் என்று இவனுக்கு நம்பிக்கையில்லை. ஒத்துக்கொண்டான்.

பெட்டியைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்க யு.எஸ்.பி. வேண்டும். ஒயர் செருகுகிற பழைய மாதிரித் துளைகளெல்லாம் கம்ப்யூட்டர்களிலிருந்து காணாமல் போய்க்கொண்டிருந்த காலம். யு.எஸ்.பி. உள்ளேயே அடங்கிய ஒரு சிப்பை ஒரு அமெரிக்கக் கம்பெனி விற்றுக்கொண்டிருந்தது. எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் சில்லறையாகவே கிடைத்தது. அதற்கு வேண்டிய நிரல்களையும் டிரைவரையும் அந்தக் கம்பெனியே இலவசமாகக் கொடுத்தது. டிரைவர் என்றால் வேறொன்றுமில்லை, அந்தக் காலத்தில் துறைமுகத்தில் வெள்ளைக்காரனுக்கும் நம் வியாபாரிக்கும் நடுவில் நின்று பேசிய துபாஷி மாதிரி. பெட்டி பேசுவது கம்ப்யூட்டருக்குப் புரியாது, கம்ப்யூட்டர் பேசுவது பெட்டிக்குப் புரியாது. துபாஷி இல்லையென்றால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஊமையாக உட்கார்ந்திருக்கும்.

அதை என் கடையில்தான் இறக்கினான். இறக்குவதற்கு முன்னால் உரிம ஒப்பந்தம் என்று பாய் விரித்தது போல ஒரு பக்கம் வரும், அடியில் ‘சம்மதம்’ என்று ஒரு பொத்தான். என் கடைக்கு வந்த ஜனங்களில் அந்தப் பக்கத்தைப் படித்தவன் இவன் ஒருவன்தான். படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். எங்கள் சிப்போடு மட்டும்தான் இதைப் பயன்படுத்த வேண்டும். சரி. எதற்கும் நாங்கள் உத்தரவாதம் இல்லை. சரி. பழுதானால் மனித உயிருக்கோ உடம்புக்கோ கேடு வரக்கூடிய கருவிகளில் இதைப் பயன்படுத்தக் கூடாது. அங்கேதான் அவன் விரல் நின்றது.

கிண்டியில் இருந்த அந்தக் கம்பெனியின் ஏஜென்சிக்குப் போன் போட்டான். எடுத்த என்ஜினியர், எந்தக் கம்பெனி உரிமத்தைப் பார்த்தாலும் இந்த வரி இருக்கும், எல்லாரும் அழுத்திவிட்டுத்தான் போகிறார்கள் என்று சிரித்தான். உயிர் காக்கும் கருவிகளுக்கென்று தனியாக உரிமம் தருவார்களா என்று இவன் கேட்டான். தருவார்கள், ஆனால் பதிவு செய்த கம்பெனிக்கு, ஆயிரக்கணக்கில் சிப் வாங்குகிறவர்களுக்கு. இவனுக்குத் தேவை இரண்டு சிப். போனை வைத்துவிட்டு வந்து ‘சம்மதம்’ அழுத்தினான். வேறென்ன செய்வான்? அதை அழுத்தாமல் பவானிக்குப் பெட்டி இல்லை. இதில் அவன்மேல் குற்றம் சொல்கிறவர்கள் கடைசியாகத் தாங்கள் எந்த உரிமத்தைப் படித்தார்கள் என்று முதலில் சொல்லட்டும்.

பெட்டி ஹால் சுவரில் ஏறியது. ஆய்வுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு இரண்டு தடவை நிஜமாகவே வாயு கசிந்தது. இரண்டு தடவையும் வாடை வருவதற்கு முன்பே சைரன் கத்தியது. பெண்கள் வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருத்திக்கு ஒரு தும்மல்கூட இல்லை. பவானிக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. எங்கூட்டுக்காரு பொட்டி என்று சந்தையில் மீன் விற்கிறவளிடம்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மேனேஜரும் புது விதி ஒன்று போட்டார். இனிமேல் வாடை வருகிறது, கண் எரிகிறது என்று யாரும் எழுந்து ஓடக் கூடாது, பெட்டி கத்தினால் மட்டும்தான் வெளியே போக வேண்டும். பெண்கள் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பெட்டி ஒருமுறையும் பொய் சொன்னதில்லையே.

அப்புறம்தான் தலைமை அலுவலகத்திலிருந்து புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. புது விண்டோஸ், அறுபத்து நான்கு பிட். பழைய டிரைவரை அது வாசலிலேயே நிறுத்திவிட்டது. இந்தப் புது மாதிரியில் எந்த டிரைவரும் அதைச் செய்த கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்தோடு வர வேண்டும், கையெழுத்து இல்லாததை உள்ளே விடாது. சிப் கம்பெனியிடம் கையெழுத்துப் போட்ட டிரைவர் இருந்தது, ஆனால் அது புதிதாக வந்த சிப்புகளுக்கு மட்டும். தண்டபாணியின் சிப்பைப் பழசு என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அதைத் தொடர்ந்து விற்போம், டிரைவர் மட்டும் செய்ய மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். விற்கிற பொருளுக்குப் பேச்சுத் துணை தர மாட்டேன் என்பது எந்த ஊர் நியாயம் என்று நான் கடையில் கத்தினேன். கேட்கத்தான் ஆளில்லை.

சிப் கம்பெனியின் கேள்வி-பதில் பக்கத்தில் இவன் தன் இங்கிலீஷில் எழுதிப் போட்டான். தினம் வந்து பதில் வந்திருக்கிறதா என்று பார்ப்பான். இராது. மறுபடி எழுதுவான். ஒருநாள் எங்கோ அமெரிக்காவில் ஒரு என்ஜினியர் மனமிரங்கி ஒரு டிரைவரை அனுப்பி வைத்தார். சோதனைக்காக மட்டும், கையெழுத்து கிடையாது, அதிகாரபூர்வமானதும் அல்ல என்று கூடவே எழுதியிருந்தார். இந்தக் கதையில் தண்டபாணிக்குக் கிடைத்த உபகாரம் அது ஒன்றுதான். கடைசியில் அதுவும் அவனுக்கு எதிராகத்தான் நின்றது.

கையெழுத்து இல்லாததை உள்ளே விட ஒரே வழி, கம்ப்யூட்டர் உயிர் பெறும்போது சரியான நொடியில் எஃப் எட்டு என்கிற விசையை அழுத்த வேண்டும். கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். அதில் கையெழுத்துச் சோதனையை நிறுத்து என்கிற வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த முறை அணைத்துப் போடும் வரை தாங்கும். அணைத்தால் மறுபடி எஃப் எட்டு. நிரந்தரமாக நிறுத்தி வைக்க இன்னொரு வழியும் இருந்தது. ஆனால் அப்போது திரையின் மூலையில் சோதனை நிலை என்று எழுத்து நிற்கும். வெளிநாட்டுக்காரர் கண்ணில் பட்டால் அசிங்கம் என்று மேனேஜர் அதை எடுக்கச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரை ராத்திரியும் ஓடவிடுங்கள் என்றதற்கும் கரண்ட் செலவு என்று முகத்தைச் சுளித்தார். கண்ட்ரோல் ரூமைப் பார்த்துக்கொண்ட ராமதாசுக்கு அந்த விசையைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தான். கம்ப்ரசர்களோடு வயசைக் கழித்த மனுஷன், கறுப்புத் திரையைப் பார்த்ததும் எதையோ கெடுத்துவிட்டோம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

ஆகவே தண்டபாணி தினம் போனான். ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால் சைக்கிளில் லாரிகளுக்கு நடுவே புகுந்து போய், ஒரு விசையை அழுத்திவிட்டு, பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவான். காய்ச்சலிலும் போனான். சித்தப்பன் செத்த அன்று பிணத்தைப் போட்டுவிட்டுப் போனான். எறா உரிக்கிற பெண்கள் எஃப் எட்டு அண்ணன் வந்துட்டாரு என்று கேலி செய்வார்கள், பவானியும் சேர்ந்து சிரிப்பாள். அவனுக்கு அது உள்ளுக்குள் சுட்டது. டிப்ளமா படித்தவன், ஒரு கருவியைத் தானே யோசித்துச் செய்தவன், வாழ்க்கை ஒரு விசையளவு சுருங்கிவிட்டது. புதுச் சிப்புக்கு மாறிவிடலாம் என்று சர்க்யூட் போர்டு வரைந்து வைத்தான். நிரலைப் புதுச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கம்பைலரின் இலவசப் பதிப்பில் நிரலுக்கு ஓர் அளவு உண்டு, இவன் நிரல் அதற்குள் அடங்கவில்லை. வரி வரியாக வெட்டிக்கொண்டிருந்தான். சைரனை மட்டுமாவது பெட்டியின் பொறுப்புக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று மேனேஜரிடம் போய் நின்றான். அடுத்த ஆய்வு முடியட்டும் என்றார் அவர். ஒரு ஆய்வு முடிந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் அதைவிடப் பெரிய திருநாள் கிடையாது. மிஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். நம்மவன் ஒரு நாள் முன்னாடியே போய் மேனேஜரிடமும் ராமதாசிடமும் கெஞ்சினான். பூஜைக்கு மறுநாள் விஜயதசமி, கம்பெனி லீவு, ஆனாலும் அந்தக் கம்ப்யூட்டரை மட்டும் அணைக்காதீர்கள் என்றான். பூஜை நாளாயிற்றே என்று மேனேஜரும் கரண்ட் பேச்சை எடுக்காமல் சரியென்றார். ‘அணைக்காதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் தாளில் எழுதித் திரைக்கு அடியில் ஒட்டினான். பூஜையன்று மத்தியானமும் போய்ப் பார்த்தான். ஓடிக்கொண்டிருந்தது. பொரி கடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தான்.

சாயங்காலம் ராமதாஸ் கற்பூரத் தட்டோடு ஒவ்வொரு மிஷினாக வந்தார். சரக்கு இருப்பதால் கம்ப்ரசர்களை முழுக்க நிறுத்த முடியாது, ஒவ்வொன்றாக நிறுத்திக் கற்பூரம் காட்டிவிட்டு மறுபடி ஓட விட்டார். தராசு, லேத், டெலிபோன், கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. கம்ப்யூட்டரிடம் வந்தார். எல்லா ஆயுதமும் கொஞ்சமாவது ஓய்வெடுக்கிற நாளில் இது ஒன்று மட்டும் உழைத்துக்கொண்டிருக்கிறதே, சரஸ்வதிக்கு அடுக்குமா என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. அணைத்தார். சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். தண்டபாணி ஒட்டிய தாளுக்கும் நடுவில் ஒரு பொட்டு வைத்தார். அதில் கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. அந்த மனுஷன் பிற்பாடு என் கடை வாசலில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று இரவு படகுகள் ஏராளமான எறாவோடு கரை சேர்ந்தன. கெட்டுப்போகிற சரக்கு. லீவை ரத்து செய்து, விடிவதற்குள் பெண்களுக்கு ஆள் விட்டார்கள். பவானியும் போனாள். கம்ப்யூட்டர் அணையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்பியிருந்த தண்டபாணி, அவளை வாசல் வரை வந்து அனுப்பிவிட்டு, புதுப் போர்டில் ஈயம் வைக்க உட்கார்ந்தான். கண்ட்ரோல் ரூமில் ராமதாஸ் நல்ல நேரம் பார்த்து, சாமியை வேண்டிக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டார். பெட்டி இணைக்கப்படவில்லை என்று இங்கிலீஷில் ஒரு செய்தி வந்தது. சரி என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினார். எல்லாரும் அதைத்தானே செய்கிறோம்.

நிறுத்தி ஓட்டிய கம்ப்ரசர்களில் ஒன்றின் வால்வில் காலையில் வாயு பீறிட்டது. எனக்குத் தகவல் வந்து நான் தண்டபாணியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனபோது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. பெண்களைத் தரையில் படுக்க வைத்து முகத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உரிக்கிறவர்களில் ஒருத்தி, கெங்கம்மா, அங்கேயே செத்துப் போய்விட்டாள். சீனியம்மாள், பவானிக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்காருகிறவள், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மறுநாள் போனாள். பவானியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததைத் தண்டபாணி பார்த்தான். எதை நடக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு பைத்தியமாகத் திரிந்தானோ அதை அவன் கண்ணெதிரே நடத்திக் காட்டினார்கள். அவள் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

விசாரணை நடந்தது. அதிகாரி ஒருவர், எறா கம்பெனியின் வக்கீல்கள் மூவர். அந்த உரிமப் பக்கத்தை அச்செடுத்து வந்து, இதற்குச் சம்மதம் கொடுத்தது நீதானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றான். உயிருக்குக் கேடு வரக்கூடிய கருவியில் பயன்படுத்தக் கூடாது என்று படித்தாயா? படித்தேன் என்றான். படிக்கவில்லை என்று சொல்லித்தொலைடா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து இல்லாத டிரைவரை நிறுவியது யார்? நான்தான். அமெரிக்க என்ஜினியர் அனுப்பிய கடுதாசியையும் காட்டினார்கள், சோதனைக்காக மட்டும் என்று அதிலேயே இருக்கிறதே என்றார்கள். சைரனைப் பெட்டியிலிருந்து பிடுங்கியது யார் என்று யாரும் கேட்கவில்லை. நான் எழுந்து சொல்லப் போனபோது, சாட்சிக்கு அழைக்கும் வரை உட்காருங்கள் என்றார்கள், கடைசி வரை அழைக்கவில்லை. ராமதாஸ் தானாகவே வந்து அணைத்தது நான்தான் ஐயா என்று கைகூப்பினார். பூஜையெல்லாம் எழுத முடியாது என்று அதிகாரி அவரைப் போகச் சொன்னார். ஒப்புதல் பெறாத கருவி, உரிமத்தை மீறிய மென்பொருள், இவ்வளவுதான் தீர்ப்பு. தண்டபாணியின் மேஜை, சோல்டரிங் அயர்ன், பாதி வைத்த புதுப் போர்டு எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இதெல்லாம் நடந்தபோது பவானி பேச்சில்லாமல் கிடந்தாள். வாயு தொண்டையைச் சுட்டிருந்தது, கழுத்தில் குழாய். கண்ணில் நிழல் மட்டும் தெரியும் என்றார்கள். தண்டபாணி அவளிடம் என்ன சொல்வது என்று என் கடையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். துபாஷி கதையிலிருந்து தொடங்குவான், பழைய சிப், கையெழுத்து, எஃப் எட்டு, பூஜை என்று வருவான். பெட்டி கெட்டுப்போகவில்லை, வாயுவை அது முகர்ந்தது, சொல்ல வாய்தான் இல்லை என்று முடிப்பான். ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பதுதான் அவனுக்கு மிச்சமிருந்த ஒரே பிடி. சரியாகத்தான் சொல்கிறாய் என்று நானும் தலையாட்டுவேன்.

குழாயை எடுத்த மறுநாள் நானும் கூடப் போனேன். அவன் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தான். தொடங்குவதற்குத் தொண்டையைச் செருமினான். அவள் முந்திக்கொண்டாள். குரல் காற்றாகத்தான் வந்தது, குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

“வாடை வந்துச்சுயா. மொதல்லயே வந்துச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சிச்சு.”

பேசாதே என்றான் அவன். அவள் கேட்கவில்லை.

“சீனியம்மா எழுந்துகினா. ஓடலாம் வாடின்னா. நான்தான் கையப் புடிச்சி இஸ்து உக்கார வெச்சேன். எங்கூட்டுக்காரு பொட்டி இன்னும் கத்தல, கத்துனா போலாம், உக்காருடின்னு சொன்னேன். அவ சரின்னு உக்காந்துகினா.”

தண்டபாணி அவள் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். நர்ஸ் வந்து பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னாள்.